எட்டுக்கு எட்டு

கணையம் என்று ஒரு சமாசாரம் என் வயிற்றுக்குள் இருப்பதே இருபத்தொன்பது வயசு வரை எனக்குத் தெரியாது. இதயம் தெரியும், கிட்னி தெரியும். ஈரல் மதுரை முனியாண்டி விலாஸ் போர்டிலேயே எழுதியிருக்கும். கணையம் எந்த போர்டிலும் இல்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, கடைசி பெஞ்ச் மாணவன் மாதிரி படுத்துக் கிடக்கிற ஆசாமி அது. சத்தம் போடாதவரைக்கும் யாரும் கவனிக்க மாட்டார்கள். என்னுடையது ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குச் சத்தம் போட்டது.

மேல் வயிற்றில் ஆரம்பித்து நேராக முதுகு வரைக்கும் டிரில்லிங் மெஷின் வைத்துத் துளைக்கிற மாதிரி ஒரு வலி. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கேஷுவால்டியில் இருந்த இளம் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எத்தனை வருஷமா ஸார் குடிக்கிறீங்க?"

நான் குடிப்பதில்லை. கல்யாண வீட்டில் கொடுக்கிற பன்னீர் சோடாவுக்கே தும்முகிற ஜாதி நான். சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் ஸார் சொல்றாங்க" என்று சிரித்துவிட்டு, என் மனைவியைத் தனியாக வெளியே கூப்பிட்டு விசாரித்தார். அன்றைக்கு வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

பிறகுதான் ஒரு பெரிய டாக்டர் விளக்கினார். கணையம் கெடுவதற்குக் குடி ஒரு முக்கியமான காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. நம் தென்னிந்தியாவில் ஒரு சொட்டுகூடத் தொடாத இளவயசுக்காரர்களுக்கும் கணையக் குழாயில் கல் சேர்ந்து இந்த வியாதி வருகிறது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் என்பவர் 1960-களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தகவலை ஒரு அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஏனென்றால் அடுத்த ஐந்து வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று என் மனைவி. இன்னொன்று வீட்டு ஓனர். அவர் குடிப்பார்.

ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு வைத்தியமாகப் பார்த்தாயிற்று. வாய் வழியே குழாய் விட்டுக் கல் எடுத்தார்கள். ஷாக் வேவ் கொடுத்துக் கல்லை உடைத்தார்கள். ஆபரேஷன் செய்து, கணையக் குழாயைத் திறந்து குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சில மாதங்கள் நிம்மதி. பிறகு வலி, டெபுடேஷனில் போன ஆபீஸர் மாதிரி, பழைய சீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

இந்த வலிக்கு ஒரு கெட்ட குணம். சாப்பிட்டால் அதிகமாகும். அதனால் சாப்பாட்டைப் பார்த்தாலே பயம். எழுபத்தொரு கிலோ இருந்தவன் ஐம்பத்து நாலுக்கு வந்தேன். முன்பக்கம் குனிந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வீட்டில் அது சரி. நந்தனத்தில், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில், மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தால்? "என்னப்பா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கனவுல வருதா?" என்பார் மேனேஜர். நானும் சிரித்து வைப்பேன். வலியோடு சிரிப்பதற்குத் தனியாக ஒரு படி கொடுக்கலாம் கம்பெனியில்.

ட்ரமடால் என்ற மாத்திரையை அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்கிற அளவு வரை ஏற்றினார்கள். அதுவும் கைவிட்ட பிறகு, "இனிமே நீங்க பார்க்க வேண்டியது வலிக்குன்னு தனியா இருக்கிற கிளினிக்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் பெரிய டாக்டர். வலிக்கென்று தனி டாக்டர் உண்டு என்பதே அப்போதுதான் தெரியும்.

வலி டாக்டர் ஐம்பது வயசு மதிக்கத்தக்க அம்மாள். கனத்த கண்ணாடி. என் ஃபைலை (எடை ஒன்றே கால் கிலோ) ஓரமாக வைத்துவிட்டு, என் கையில் ஒரு ஸ்கேலைக் கொடுத்தார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா உங்களால நினைச்சுப் பார்க்க முடியாத வலி. இப்ப எத்தனை?"

"ஏழு."

"ராத்திரி?"

"எட்டரை."

எழுதிக்கொண்டார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "வலி குறைஞ்சா முதல்ல என்ன பண்ணணும்னு ஆசை?"

ஐந்து வருஷமாக எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். என்ன வயசு, என்ன வேலை, இன்ஷூரன்ஸ் உண்டா, எத்தனை வருஷமாகக் குடி. இந்தக் கேள்வி சிலபஸிலேயே இல்லை. திருதிருவென்று முழித்தேன். பக்கத்தில் இருந்த மனைவிதான் சொன்னாள்: "என் பொண்ணு தட்டுல சாதம் போட்டுக்கிட்டு இவரு எப்ப வருவாருன்னு பார்த்துக்கிட்டே இருப்பா டாக்டர். இவரு நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுட்டுப் போய்ப் படுத்துடுவாரு. ஒரு நாளாவது கூட உட்கார்ந்து சாப்பிடணும்."

டாக்டர் அதை அப்படியே எழுதினார். "மகளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பாடு. ராத்திரி அஞ்சு மணி நேரம் தூக்கம்." அதற்குக் கீழே ஒரு கோடு போட்டார். "இதுதான் நம்ம டார்கெட். பூஜ்யம் டார்கெட் இல்ல. பூஜ்யத்தைத் துரத்திக்கிட்டுப் போனா மாத்திரையை ஏத்திக்கிட்டே போகணும். அது வேற இடத்துல கொண்டு விட்டுடும்."

அப்புறம்தான் மருந்தின் பெயரைச் சொன்னார். மார்ஃபின்.

எனக்கு வயிற்றில் கணையத்தைத் தவிர மற்றதெல்லாம் புரண்டது. சினிமாவில் வில்லன்கள் பிரீஃப்கேஸில் வைத்துக் கடத்துகிற சாமான் இல்லையோ அது?

"அதேதான்" என்றார் டாக்டர், பொய் சொல்லாமல். அபின் செடியின் பாலிலிருந்து எடுப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மன்காரர் அதைப் பிரித்தெடுத்து, மார்ஃபியஸ் என்ற கிரேக்கக் கனவு தெய்வத்தின் பெயரை வைத்தார். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் வாங்கி அபின் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் ஃபாக்டரியே இருக்கிறது. உலகத்துக்கு அனுப்புகிறோம். ஆனால் 1985-ல் போதை மருந்துத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, பத்து வருஷ ஜெயில் பயத்தில் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. கடத்தல்காரனுக்காகப் போட்ட பூட்டில் நோயாளி மாட்டிக்கொண்டான். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்து, வாயில் போடும் மார்ஃபினை ஏழைகளுக்கும் கிடைக்கச் செய்தார்கள். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் சுலபமாக வாங்கி வைத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

"இந்த மருந்தை இப்ப புற்றுநோய்க்காரங்களுக்குத்தான் நிறையக் கொடுக்கறோம். உங்க மாதிரி கேஸ்ல ரொம்ப யோசிச்சுத்தான் கொடுப்போம். பிரயோஜனம் இல்லேன்னா நிறுத்திடுவேன். சம்மதமா?" என்று ஒரு பேப்பரை நீட்டினார். ஒரே டாக்டரிடம்தான் வாங்குவேன், யாருக்கும் தர மாட்டேன், தொலைந்தால் தொலைந்ததுதான், மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்க்க மாட்டேன். கையெழுத்துப் போட்டேன். ஹவுஸிங் லோனுக்குக்கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

முதல் வாரம் சாதாரண மார்ஃபின். பத்து மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து, பின்னிரவு இரண்டு. செல்போனில் அலாரம் வைத்திருந்தேன். பத்து மணி அலாரம் சரியாக மேனேஜர் மீட்டிங்கில் அடிக்கும். "என்னப்பா, ஸ்கூல் பெல்லா?" என்பார். பாத்ரூமுக்கு ஓடுவேன்.

வலி வந்த பிறகு மாத்திரை போடக்கூடாதாம். வருவதற்கு முன்னால், கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டுமாம். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் புற்றுநோய் வலிக்குச் சொல்லிக் கொடுத்த முறை: வாய் வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கணக்குப் போட்டார். ஆறு தடவை, பத்து பத்தாக, ஒரு நாளைக்கு அறுபது. அதை இரண்டாகப் பிரித்தால் முப்பது, முப்பது. இனிமேல் காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாத்திரை. டாலி ஆகிற கணக்கைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே ஒரு நிம்மதி. (இது என் கணக்கு. உங்கள் கணக்கை உங்கள் டாக்டர்தான் போட வேண்டும்.)

"ஒரே ஒரு விஷயம். இந்த மாத்திரையை முழுசா முழுங்கணும். உடைக்கக்கூடாது, கடிக்கக்கூடாது, பொடி பண்ணக்கூடாது. பொடி பண்ணினா பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்துல உள்ள போயிடும். மூச்சு நின்னுடலாம்" என்றார்.

நான் தலையாட்டினேன். வீட்டில் இருக்கிற அம்மாவை மறந்துவிட்டேன்.

என் அம்மாவுக்கு முழு மாத்திரை என்றாலே அலர்ஜி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாத்திரை தொண்டையில் மாட்டிக்கொண்டதாம். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த மாத்திரையையும் இடித்துத் தேனில் குழைத்துத்தான் கொடுப்பாள். அன்று ராத்திரி எட்டு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்தால், அடுப்படியில் ஏலக்காய் இடிக்கிற சின்ன உரலின் சத்தம். "டொக்."

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட்டில் டி.வி.யை அணைத்தார்கள். நல்ல வேளை, அந்த முதல் 'டொக்' ஏலக்காய்க்கு. பாலில் போடுவதற்காம். மாத்திரை பக்கத்தில் ஸ்பூனில் முழுசாக, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா உரலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இது கடைசி நேரத்துல கொடுக்கிற மருந்தாமே ராசா. எதிர் வீட்டுல சொல்றாங்க" என்று அழ ஆரம்பித்தாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் செய்தாள். நான் மாத்திரையை முழுசாக முழுங்கினேன்.

அன்று நான் தூங்கினேன். விழித்துப் பார்த்தபோது மணி இரண்டே முக்கால். ஏன் விழித்தோம் என்று புரியவில்லை. வழக்கமாக வலிதான் எழுப்பும். அன்று எழுப்பியது என் மூக்குக்குக் கீழே ஒரு விரல்.

"என்ன பண்றே? போயிட்டேனான்னு பார்த்தியா?"

"ஐயோ, இல்லீங்க. மூச்சை எண்ணச் சொல்லியிருக்காங்க டாக்டர். ரொம்பக் குறைஞ்சா, எழுப்பினாலும் எந்திரிக்கலேன்னா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பதினாலு இருக்கு. நீங்க தூங்குங்க."

ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு துண்டுப் பேப்பரில் வரிசையாக எழுதியும் வைத்திருந்தாள். மணி பத்து, பதினைந்து. பதினொன்று, பதினாலு. என் வாழ்க்கையில் நான் பார்த்த ஸ்டேட்மென்ட்டுகளிலேயே சுத்தமான ஸ்டேட்மென்ட் அது.

முதல் நாலைந்து நாள் குமட்டல், தூக்கம். சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவன் ஒரு நாள் பார்க் ஸ்டேஷன் வரை போய்விட்டேன். பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் ஆர்டர். பிறகு அதெல்லாம் போய்விட்டது. போகாதது ஒன்று உண்டு. மலச்சிக்கல். மற்ற தொந்தரவுகளுக்கு உடம்பு பழகிக்கொள்ளும், இதற்கு மட்டும் பழகாது. அதனால் மார்ஃபினோடு சேர்த்து முதல் நாளே பேதி மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். நான் 'அது எதற்கு' என்று அலட்சியமாக விட்டேன். ஆறாம் நாள் காலை, பாத்ரூமுக்குள் நான் முக்கால் மணி நேரம் செய்த பிரார்த்தனைகளை எந்தக் கோயிலிலும் செய்ததில்லை. வெளியே என் பெண், "அப்பா, ஸ்கூல் வேன் வந்துடும்" என்று கதவைத் தட்டுகிறாள். அன்றிலிருந்து பேதி மாத்திரைக்குத்தான் முதல் மரியாதை.

இதற்கிடையில் கோவில்பட்டியிலிருந்து மாமா வந்து இறங்கினார். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். எதிலும் சட்டென்று பற்றிக்கொள்வார்.

"மருமகனே, அது அபினாம்லா! நம்ம குடும்பத்துல பீடி குடிச்சவன்கூடக் கிடையாதுய்யா" என்றார், வாயில் இருந்த வெற்றிலை புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு. "அமெரிக்காவுல இதைத் தின்னுதான் கூட்டம் கூட்டமாச் செத்தானாம். செல்போன்ல வந்துச்சு."

மாமா சொல்வதில் பாதி எப்போதும் தப்பாக இருக்கும். இதில் பாதிக்கு மேல் சரி. அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்று இதே போல மெதுவாகக் கரைகிற ஒரு மாத்திரையை மார்க்கெட்டில் விட்டார்கள். மெதுவாகக் கரைவதால் அடிமையாகிற ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். ஜனங்கள் அதைப் பொடி செய்து உறிஞ்சக் கற்றுக்கொண்டார்கள். தவறாகச் சொல்லி விற்றதாகக் கம்பெனியே 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையில் ஆரம்பித்தது ஹெராயினுக்கும் பிறகு கள்ளத்தனமாகச் செய்த ஃபென்டனிலுக்கும் போய், 2021-ல் மட்டும் இந்த வகை மருந்துகளால் 80,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

மாமா ஊருக்குப் போய்விட்டார். அவர் சொன்னது போகவில்லை.

நாலாவது வாரம். ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வருஷ அப்ரைசல். ஐந்து வருஷத்தில் நான் எடுத்த மெடிக்கல் லீவை எக்ஸெலில் போட்டு, பிரின்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் அடித்து வைத்திருந்தார் மேனேஜர். "உன் மேல எனக்கு அனுதாபம் இருக்குப்பா. கம்பெனிக்கு இருக்க முடியாதுல்ல" என்றார். இன்க்ரிமென்ட் கிடையாது. கண்ணாடி ரூம். வெளியே எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி ஐந்தரை. பாத்ரூமுக்குப் போனேன். ராத்திரி எட்டு மணி மாத்திரை பாக்கெட்டில் இருந்தது. அன்றைக்கு எனக்கு வலி மூன்று. வெறும் மூன்று. வயிறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு ஏதோ. போட்டுக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. மெதுவாகக் கரைகிற மாத்திரை, ஆபீஸ் சர்க்குலர் மாதிரி தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அவமானம் அப்படியே இருந்தது. ஆனால் டிரெயினில் வரும்போது கை நடுங்கியது. மருந்தால் அல்ல. கேஷுவால்டி டாக்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. ஐந்து வருஷமாக 'இல்லை, இல்லை' என்று அடித்துச் சொன்னவன், கடைசியில் அவர்கள் சந்தேகப்பட்ட ஆளாகவே ஆகிவிட்டேனா?

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன். முழுங்குகிற மாதிரி நடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீரம்!

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாவி ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு ஒன்று. மூக்கில் தண்ணீர், கண்ணில் தண்ணீர். வேர்வை. வேர்வையோடேயே புல்லரிப்பு. ஒரு மாதமாக வர மறுத்ததெல்லாம் ஒரே நாளில் நிற்காமல் போனது. வலி ஒன்பதுக்குப் போய் நின்றது. தலையணையைக் கட்டிக்கொண்டு உருண்டேன். சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியின் கையில் மூன்று மாத்திரைகள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் எதிரில் உட்கார்ந்தபோது ஐந்தரை மணி விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று கணக்குப் போட்டேன். சொன்னால் மருந்து போய்விடும். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடம்பு பழகறது வேற, அடிமையாகறது வேற. நேத்து உங்களுக்கு வந்தது, பழகின உடம்பு திடீர்னு நிறுத்தினதுக்குப் போட்ட சத்தம். சில பிரஷர் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினாலும் உடம்பு இப்படித்தான் கோவிச்சுக்கும். நிறுத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நான் நிறுத்துவேன்."

"அப்ப அந்த அஞ்சரை மணி, டாக்டர்?"

"அது வேற" என்றார். "அது உங்க வயித்துவலிக்குப் போட்ட மாத்திரை இல்ல. உங்களுக்கு அந்த ஆபத்தே கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அமெரிக்காவுல கெட்டுது. ஆனா தானா வந்து சொல்லியிருக்கீங்க. மறைச்சிருந்தீங்கன்னா எனக்கு இன்னும் அதிகக் கவலை."

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார். நாலு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு மட்டும் மாத்திரை. தீர்ந்த அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். பூட்டு போட்ட பெட்டி, சாவி மனைவியிடம். மாத்திரை ஆபீஸுக்கு வரவே வராது. எட்டுக்கு எட்டு இரண்டும் வீட்டிலேயே. அதே ஆஸ்பத்திரியில் மனசுக்கென்று இருக்கிற கவுன்சலரை மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, குறைக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.

வெளியே வந்து மனைவியிடம், "மன்னிச்சுக்க" என்றேன். "மூச்சை எண்ணினேன். இனிமே மாத்திரையையும் எண்ணணும். அவ்வளவுதானே" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த மேனேஜர் வீட்டுல ஒரு நாள் அவரு லீவை எல்லாம் எண்ணணும்" என்றாள். ஐந்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இன்க்ரிமென்ட் வரவில்லை. வேலை இருக்கிறது. எடை ஐம்பத்தொன்பது. மாத்திரையின் அளவை ஏற்றவில்லை. ஒரு தடவை குறைத்துப் பார்த்தோம், ராத்திரித் தூக்கம் போய்விட்டது, பழையபடி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி முயற்சி. மார்ஃபின் என்றால் இன்னும் அம்மாவுக்கு எதிர் வீடு ஞாபகம் வருகிறது. உரலை மட்டும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

என் பெண்ணுக்கு அந்த ஸ்கேல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் ஸ்கூலிலிருந்து வந்ததும், "அப்பா, இன்னிக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பாள். இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் கெட்டிக்காரன், முட்டை வாங்கினால் ஸ்டேட் ஃபர்ஸ்ட் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தரையில் பாய் விரித்து, நாலு தட்டு. எண்ணெய் குறைத்த சாம்பார், புடலங்காய்க் கூட்டு, எனக்கு மட்டும் கணையத்துக்குப் பதில் வேலை செய்கிற கேப்ஸ்யூல் ஒன்று. உட்கார்ந்தேன். முதல் பிடி, இரண்டாவது பிடி. அவள் ஸ்கூலில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நீளமான சண்டை. மோர் சாதம் வரைக்கும் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

கை கழுவும்போது கேட்டாள்: "அப்பா, இப்ப எத்தனை?"

யோசித்தேன். "நாலு."

அவள் முகம் வாடிவிட்டது. "முட்டை வாங்கலியா?"

"வேண்டாம்மா. நாலு போதும்."

ராத்திரி எட்டு மணிக்கு மனைவி மாத்திரையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். அந்தப் பெட்டிச் சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிற வரைக்கும் நானும் பாஸ்தான்.